அசோர்ஸ் போகத் திட்டமிடுகிறவர்களுக்கு

அசோர்ஸ் தீவுகளுக்குப் போக ஆசைப்பட்டு என்னிடம் யோசனை கேட்பவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "ஒன்பது தீவையும் எத்தனை நாளில் பார்த்து முடிக்கலாம்?" என்றுதான். ஒன்பதையும் பார்க்க நினைக்காதீர்கள் என்று சொல்வேன். உலக வரைபடத்தில் லிஸ்பனுக்கு மேற்கே ஏறத்தாழ 1,400 கிலோமீட்டர் தள்ளிச் சில புள்ளிகளாகத்தான் அவை தெரியும். ஆனால் தென்கிழக்கில் இருக்கும் சாந்தா மரியாவுக்கும் வடமேற்கில் இருக்கும் கோர்வோவுக்கும் நடுவே சுமார் 600 கிலோமீட்டர் கடல் கிடக்கிறது. சென்னைக்கும் கன்னியாகுமரிக்கும் நேர்கோட்டில் எவ்வளவு தூரமோ, ஏறக்குறைய அவ்வளவு. கிழக்குக் கூட்டத்தில் சாவ் மிகேல், சாந்தா மரியா. நடுக்கூட்டத்தில் தெர்செய்ரா, கிராசியோசா, சாவ் ஜோர்ஜ், பீக்கோ, ஃபயால். மேற்கே தனித்து நிற்பவை ஃப்ளோரெஸ், கோர்வோ. ஒரு கூட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக விமானத்தை நம்பித்தான் இருக்க வேண்டும்.

ஒரு வாரம் கிடைத்தால் சாவ் மிகேல் மட்டும் போதும். அல்லது பீக்கோ, ஃபயால், சாவ் ஜோர்ஜ் என்ற முக்கோணம் மட்டும். பத்துப் பன்னிரண்டு நாள் இருந்தால் இரண்டையும் சேர்க்கலாம். அதிலும் மூன்றில் ஒரு பங்கு நாட்களுக்கு எந்த வேலையும் எழுதி வைக்காதீர்கள். விடுமுறையை எண்ணி எண்ணிச் செலவழிக்கிற நமக்கு நாளை வெறுமையாக விட மனசு வராதுதான். ஆனாலும் விடத்தான் வேண்டும். இங்கே எந்த இடத்தை எந்த நாளில் காணலாம் என்பதை முடிவு செய்வது மேகம்.

வானிலைச் செய்திகளில் 'அசோர்ஸ் உயரழுத்தம்' என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். கோடையில் ஐரோப்பாவுக்கு வெயிலைக் கொடுக்கும் அந்த உயரழுத்த மண்டலத்துக்கு இந்தத் தீவுகளின் பெயர்தான். அதனால் இங்கே எப்போதும் வெயில் என்று நம்பி வருபவர்கள் ஏமாந்து போகிறார்கள். தீவுகள் எல்லாம் எரிமலைகள். கடல் ஈரத்தைச் சுமந்து வரும் காற்று மலைச்சரிவில் மோதி மேலேறும்போது குளிர்ந்து மேகமாகிவிடுகிறது. கடற்கரையில் நல்ல வெயில் அடிக்கும். அறுநூறு மீட்டர் மேலே போனால் கைநீட்டும் தூரத்துக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. அரை மணி நேரத்தில் அதுவே கலைந்தும் போகும். ஒரே தீவின் வடகரையில் மழை, தென்கரையில் வெயில் என்பது அன்றாட விஷயம். கைப்பேசியில் பார்க்கும் பொதுவான வானிலை முன்னறிவிப்பு பெரும்பாலும் விமான நிலையத்தை வைத்துச் சொல்வது. மலைக்கு அது பொருந்தாது.

அதற்குப் பதிலாக உள்ளூர்க்காரர்கள் பார்ப்பது நேரலைக் கேமராக்களை. ஏரிகள், மலை முகடுகள், துறைமுகங்கள் என்று தீவெங்கும் பொருத்தியிருக்கிறார்கள். 'ஸ்பாட் அசோர்ஸ்' என்ற இணையதளத்தில் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்க்கலாம். நாங்கள் தங்கிய வீட்டின் அம்மாள் காலைக் காப்பியை வைத்துவிட்டு முதலில் அதைத்தான் திறந்து காட்டுவார். "இப்போது செத்தே சிதாதெஸ் ஏரி தெளிவாக இருக்கிறது. சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம் என்று உட்கார்ந்தால் போய்விடும், இப்போதே கிளம்புங்கள்" என்பார். ரொட்டியைக் கையில் சுருட்டிக்கொண்டு ஓடியிருக்கிறோம். அவர் சொன்னது ஒவ்வொரு முறையும் பலித்தது.

எனவே நாள்வாரியான அட்டவணை போடாமல் இரண்டு பட்டியல்கள் எழுதிக்கொள்ளுங்கள் என்பதுதான் நான் தரக்கூடிய மிகப் பயனுள்ள யோசனை. ஒன்று வானம் திறந்த நாளுக்கு, மற்றொன்று மூடிய நாளுக்கு. சாவ் மிகேலில் விஸ்தா தோ ரேய் முனையிலிருந்தும் போகா தோ இன்ஃபெர்னோ முனையிலிருந்தும் தெரியும் செத்தே சிதாதெஸ் இரட்டை ஏரிகள், லகோவா தோ ஃபோகோ ஏரி, ஃபயாலின் நடுவே உள்ள பெரும்பள்ளம், பீக்கோ மலை இவை முதல் பட்டியல். இரண்டாவது பட்டியல் அதைவிட நீளமாக இருக்கட்டும். அதுதான் அடிக்கடி கைகொடுக்கும். சாவ் மிகேலில் ஃபுர்னாஸ் ஊரின் வெந்நீர்க் குளங்கள், தேயிலைத் தோட்டம், அன்னாசிக் கண்ணாடிக்கூடங்கள், பீக்கோவில் ஐந்து கிலோமீட்டருக்கும் மேல் நீளும் 'குருத்தா தாஸ் தோரெஸ்' எரிமலைக் குகை, தெர்செய்ராவின் அல்கார் தோ கர்வாவ். கடைசியில் சொன்னது, அணைந்துபோன எரிமலையின் புகைக்குழாய். எரிமலைகளில் இப்படி உள்ளே இறங்கிப் பார்க்கும் வாய்ப்பு உலகில் வெகு சில இடங்களில்தான் உண்டு. படிகளில் இறங்கினால் மேலே வட்டமாக வானம், சுற்றிலும் பாசி படர்ந்த சுவர், அடியில் மழைநீர்க் குளம். சுவரில் தொங்குபவை சுண்ணாம்புக்குப் பதில் சிலிக்காவால் ஆன விழுதுகள். குகைகள் நாளெல்லாம் திறந்திருப்பதில்லை. பருவத்துக்கு ஏற்ப நேரம் மாறும். பார்த்துவிட்டுப் போங்கள்.

ஃபுர்னாஸுக்குக் குறைந்தது ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். அது எரிமலைப் பள்ளத்தின் உள்ளேயே அமைந்த ஊர். தெருவோரத்தில் கொதிநீர் குமிழியிடும். கந்தக வாசம் மூக்கில் ஏறும். ஏரிக்கரையின் சூடான மண்ணில் குழிகள் வெட்டி, இறைச்சியும் காய்கறியும் அடுக்கிய பானைகளை அதிகாலையில் இறக்கி மூடிவிடுகிறார்கள். ஏறக்குறைய ஆறு மணி நேரம் அடுப்பில்லாமல் வேகும் இந்தக் கொசீதோவை நண்பகலை ஒட்டி வெளியே எடுப்பார்கள். எடுக்கும் காட்சியைப் பார்க்க விரும்பினால் பன்னிரண்டு மணிக்கு முன்பே ஏரிக்கரையில் இருக்க வேண்டும்.

அம்மாவை அழைத்துப் போனபோது சைவச் சாப்பாடுதான் எங்கள் பெரிய கவலை. ஒரு உணவகத்தில் முதல் நாளே சொல்லி வைத்தோம். முட்டைக்கோஸ், கேரட், சர்க்கரைவள்ளி, உருளை, சேப்பங்கிழங்கு என்று காய்கறி மட்டும் வைத்த பானை கிடைத்தது. அந்தச் சேப்பங்கிழங்கு ஃபுர்னாஸின் வெதுவெதுப்பான ஈர நிலத்தில் விளைவது. "நம்ம ஊர்க் கிழங்குதான்டா, ஆனா இவ்வளவு பூப்போல வெந்து நான் பார்த்ததில்லை" என்று அம்மா இரண்டாம் முறை கேட்டு வாங்கிக்கொண்டார். சைவர்கள் சூப்பை மட்டும் கேட்காமல் வாங்காதீர்கள். காய்கறி சூப் என்று எழுதியிருந்தாலும் இறைச்சிச் சாறோ தொத்திறைச்சித் துண்டோ இருக்க வாய்ப்புண்டு. சாவ் ஜோர்ஜ் பாலாடைக்கட்டி, ஃபுர்னாஸின் போலோ லேவெதோ ரொட்டி, அன்னாசி, வாழைப்பழம் இவற்றை வைத்துக் காலையும் இரவும் ஓட்டிவிடலாம். சமையலறை உள்ள வீடாக எடுத்தால் இன்னும் நிம்மதி.

ஃபுர்னாஸின் தெர்ரா நோஸ்ட்ரா பூங்காவின் குளத்தில் இறங்குவதாக இருந்தால் பழைய, கரிய நிற உடை கொண்டு போங்கள். இரும்புச்சத்து நிறைந்த அந்தப் பழுப்பு நீர் துணியில் ஏற்றும் கறை போவதே இல்லை. சாவ் மிகேலின் மேற்கு முனையில் பொந்தா தா ஃபெர்ராரியா என்ற இடத்தில் கடலுக்குள்ளேயே வெந்நீர் ஊறுகிறது. கயிற்றைப் பிடித்துக்கொண்டு குளிக்கலாம். அங்கே போக வானத்தைவிட ஓதத்தைப் பார்க்க வேண்டும். வற்றம் உள்ள வேளையில்தான் சூடு தெரியும். ஏற்றத்தில் குளிர்ந்த கடல்நீர் கலந்து சூட்டைத் தின்றுவிடும், அலையும் பலமாக இருக்கும். ஓத அட்டவணையைத் தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வது என் வழக்கம்.

கொரியானா தேயிலைத் தோட்டம் 1883 முதல் நடக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தத் தீவின் செல்வமாக இருந்த ஆரஞ்சுத் தோப்புகள் நோயில் அழிந்தபோது மாற்றுப் பயிர் தேடியவர்கள் தேயிலையைக் கையில் எடுத்தார்கள். 1878இல் மக்காவிலிருந்து இரண்டு சீனர்களை வரவழைத்துப் பக்குவம் கற்றுக்கொண்டார்கள். நீலகிரியை அறிந்தவர்களுக்கு அந்தச் சரிவும் மூடுபனியும் பழகியதாகத் தோன்றும். ஆனால் பாத்தியின் கடைசியில் நீலமாகக் கடல் நிற்கும்.

இனி முக்கோணம். ஃபயாலின் ஓர்ட்டா துறைமுகத்துக்கும் பீக்கோவின் மதலேனா துறைமுகத்துக்கும் இடையே படகில் அரை மணி நேரம்தான். சாவ் ஜோர்ஜுக்கும் படகு உண்டு. காரைப் படகில் ஏற்றும் தொல்லை வேண்டாம். தீவுக்கு ஒரு வாடகைக் கார், துறைமுகத்திலேயே எடுத்துத் துறைமுகத்திலேயே விடுவது நல்லது. தங்குவதற்கு நான் பீக்கோவையே சொல்வேன். 2,351 மீட்டர் உயரமான பீக்கோ மலை போர்ச்சுகல் நாட்டிலேயே மிக உயர்ந்த சிகரம். அதன் அடியிலேயே மூன்று நான்கு இரவு தங்கினால் ஒரு காலையாவது அது முழுதாக முகம் காட்டும். அந்தக் காலையை ஏறுவதற்குப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு நாளை முன்கூட்டிக் குறித்துக்கொண்டு வந்தவர்கள் அடிவாரத்தோடு திரும்பிப் போவதைப் பார்த்திருக்கிறேன். ஒரே சமயத்தில் மலையில் இருக்கக்கூடியவர்கள் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. கோடையில் இடம் நிறைந்துவிடும். முன்பதிவு செய்யும்போது நீங்கள் தங்கும் நாட்களில் முதல் நாளைக் குறியுங்கள். வானம் மூடினால் வேறு நாளுக்குக் கேட்டுப் பார்க்க அவகாசம் இருக்கும்.

ஏற்றம் சுமார் 1,200 மீட்டர் உயரத்தில் உள்ள மலை இல்லத்தில் தொடங்குகிறது. அங்கே பெயர் பதிந்து, பாதுகாப்புக் காணொளி பார்த்து, நீங்கள் இருக்கும் இடத்தைக் காட்டும் கருவி ஒன்றை வாங்கிக்கொண்டு போக வேண்டும். வழியெங்கும் எண்ணிட்ட கம்பங்கள், மொத்தம் 47. மேகம் சூழ்ந்தால் அடுத்த கம்பம் தெரிகிறவரை நகராதீர்கள். ஏற மூன்று நான்கு மணி நேரம், இறங்கவும் அதே அளவு. முழங்காலுக்கு இறக்கம்தான் கடினம். உறைந்த எரிமலைக் குழம்பு ரம்பம்போலக் கூர்மையானது; கையுறை போட்டுக்கொண்டதற்காக என் கைகள் எனக்கு நன்றி சொல்லியிருக்கும். உச்சியிலுள்ள பள்ளத்துக்குள் பீக்கின்யோ என்ற சிறு கூம்பு நிற்கிறது. அதன் பாறை இடுக்குகளில் இன்றும் வெந்நீராவி வருகிறது. கையை வைத்தால் சுடும்.

ஏற முடியாதவர்கள் வருந்த வேண்டியதில்லை. கிரியாசாவ் வேல்யா பக்கம் கடலோரம் நடந்தாலே பீக்கோ என்ன என்று புரிந்துவிடும். கருங்கற்களைச் சாந்தில்லாமல் அடுக்கி, சின்னச் சின்னக் கட்டங்களாக அடைத்து, ஒவ்வொன்றிலும் சில திராட்சைக் கொடிகள். உப்புக்காற்றைத் தடுத்து, பகல் வெயிலை வாங்கி இரவில் கொடிக்குக் கொடுக்கின்றன அந்தச் சுவர்கள். மண்ணே இல்லாத பாறைத் தரையில் தலைமுறை தலைமுறையாகக் கையால் செய்த வேலை அது. 2004இல் யுனெஸ்கோ இந்த நிலத்தை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. சுவர்மேல் ஏறிப் படம் எடுக்காதீர்கள். ஒரு கல் சரிந்தாலும் யாரோ ஒரு முதியவர் குனிந்து எடுத்து வைக்க வேண்டும்.

ஃபயாலில் கப்பெலின்யோஸுக்கு அரை நாள் கொடுங்கள். பலர் இருபது நிமிடத்தில் படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். எனக்கு அது பொறுப்பதில்லை. 1957 செப்டம்பர் 27 அன்று, திமிங்கிலம் வருகிறதா என்று கரையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த காவலர்கள், கடல் கொதிப்பதைக் கண்டார்கள். பதின்மூன்று மாதம், 1958 அக்டோபர் வரை, எரிமலை கக்கிக்கொண்டே இருந்தது. கடலில் புதிய நிலம் எழுந்து தீவோடு ஒட்டிக்கொண்டது. கலங்கரை விளக்கத்தின் கீழ்த்தளம் சாம்பலில் புதைந்தது. வீடுகளின் கூரைகள் பாரம் தாங்காமல் விழுந்தன, வயல்கள் மூடிப்போயின. அமெரிக்காவில் செனட்டர்கள் ஜான் பாஸ்டோரும் ஜான் எஃப். கென்னடியும் முன்னின்று 1958இல் அசோர்ஸ் அகதிகள் சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் கடல் கடந்தார்கள். கப்பெலின்யோஸில் நான் சந்தித்த ஒரு மூதாட்டி தன் அண்ணன்மார் எல்லோரும் மாசசூசெட்ஸில் இருப்பதாகச் சொன்னார். "சாம்பல் வந்தது, பிறகு கப்பல் வந்தது" என்று இரண்டே வரியில் முடித்துக்கொண்டார். இப்போது அங்கே உள்ள காட்சியகத்தை நிலத்தடியில் கட்டியிருக்கிறார்கள். அந்தச் சாம்பல் நிலத்தின் தோற்றத்தைக் கட்டடம் கெடுக்கக் கூடாது என்பதற்காக. முதலில் உள்ளே போய்ப் படித்துவிட்டு, பிறகு வெளியே நடங்கள். காற்று மணலை முகத்தில் அடிக்கும். கண்ணாடியும் காற்றுத்தடுப்புச் சட்டையும் தேவை. கடல் அரித்து அரித்து, அன்று எழுந்த நிலத்தில் பெரும்பகுதி கரைந்துவிட்டது. தாமதிக்காமல் பாருங்கள்.

சாவ் ஜோர்ஜுக்கு நடப்பவர்கள் மட்டும் போனால் போதும். செங்குத்தான மலையடியில் கடலோரம் உள்ள ஃபஜா எனப்படும் சமதளங்கள்தான் அதன் அழகு. செர்ரா தோ தோப்போவிலிருந்து சாந்தோ கிறிஸ்தோ ஏரி வழியாக ஃபஜா தோஸ் குப்ரெஸ் வரை இறங்கும் பாதை ஏறக்குறைய பத்து கிலோமீட்டர். காரைக் கீழே குப்ரெஸில் விட்டுவிட்டு, டாக்சியில் மேலே போய் நடக்கத் தொடங்குங்கள். மழைக்குப் பின் மண் சரிந்தால் பாதைகளை மூடிவிடுவார்கள். அரசின் நடைபாதை இணையதளத்தில் எது திறந்திருக்கிறது என்று கிளம்பும் காலையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

திமிங்கிலம் காணும் படகுக்குப் பயணத்தின் தொடக்கத்திலேயே இடம் பதியுங்கள். கடல் கலங்கினால் படகு கிளம்பாது. மறுநாளுக்கு மாற்ற நாள் கையில் இருக்க வேண்டும். ஸ்பெர்ம் திமிங்கிலங்கள் ஆண்டு முழுதும் உண்டு. நீலத் திமிங்கிலம் காண வேண்டுமானால் ஏப்ரல், மே சிறந்தது. 1980களில் வேட்டை நின்றது. வேட்டைக்காலத்தில் குன்றின்மேல் தொலைநோக்கியோடு உட்கார்ந்திருந்த காவல்முறை மட்டும் தொடர்கிறது. இன்று அவர்கள் சுற்றுலாப் படகுகளுக்கு வழி சொல்கிறார்கள். லஜெஸ் தோ பீக்கோவில் உள்ள வேட்டைக்காரர் அருங்காட்சியகத்தைப் படகேறும் முன்பு பாருங்கள். ஒல்லியான மரப்படகில், கையெறி ஈட்டியோடு அந்த மனிதர்கள் எதை எதிர்கொண்டார்கள் என்பது கடலில் அந்த வாலைக் காணும்போது உறைக்கும். பயண நோய் மாத்திரையைப் படகேறுவதற்கு முன்பே போட்டுக்கொள்ள வேண்டும்.

ஃப்ளோரெஸும் கோர்வோவும் நடு அட்லாண்டிக் முகட்டுக்கு அப்பால், வட அமெரிக்கப் புவித்தட்டின் மேல் இருப்பவை. நானூறு பேருக்கும் குறைவாக வாழும் ஒரே ஒரு ஊர்தான் கோர்வோ. இவற்றின் அழகைச் சொல்லி உங்களைத் தூண்ட எனக்கு ஆசைதான். ஆனால் விமானம் ரத்தாவது இங்கே சகஜம். 2019 அக்டோபரில் லோரென்சோ புயல் ஃப்ளோரெஸின் சரக்குத் துறைமுகத்தையே உடைத்துப் போட்டது. போவதானால் பயணத்தின் முதல் பாதியில் போங்கள், ஊர் திரும்பும் நாளுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள்.

பதிவு செய்யும் வரிசை இப்படி இருக்கட்டும். ஜூலை, ஆகஸ்டில் போவதாக இருந்தால் முதலில் வாடகைக் கார். சின்னத் தீவுகளில் இருப்பதே கொஞ்சம், பெரும்பாலும் கியர் வண்டிகள். ஜூன், ஜூலையில் வேலியெல்லாம் ஹைட்ராஞ்சியா பூக்கும். கூட்டம் வேண்டாதவர்களுக்கு மே மாதமும் செப்டம்பரும் நல்லது. செப்டம்பரில் கடல் நீரும் குளிக்க இதமாக இருக்கும். அடுத்து, தீவுகளுக்கிடையேயான விமானம். லிஸ்பனிலிருந்து பொந்தா தெல்காதாவுக்கு மட்டுமல்ல, தெர்செய்ரா, ஓர்ட்டா, பீக்கோவுக்கும் நேரடி விமானம் உண்டு. ஒரு தீவில் இறங்கி வேறொரு தீவிலிருந்து திரும்பினால் ஒரு நாள் மிச்சம். இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். அதற்கு எல்லா இரவுக்கும் தங்குமிடச் சான்று கேட்பார்கள். இலவசமாக ரத்துசெய்யக்கூடிய அறைகளையே பதியுங்கள், பிறகு வானத்துக்கு ஏற்ப நாளை நகர்த்தலாம். கடிகாரத்தை லிஸ்பனிலிருந்து ஒரு மணி நேரம் பின்னே தள்ளிக்கொள்ள மறக்காதீர்கள். படகைத் தவறவிடுபவர்கள் இதில்தான் தவறவிடுகிறார்கள்.

திரும்பும்போது அசோர்ஸ் விமானத்தையும் இந்தியா போகும் விமானத்தையும் ஒரே நாளில் வைக்காதீர்கள். நடுவே லிஸ்பனில் ஓர் இரவு வேண்டும். தனித்தனிச் சீட்டாக எடுத்திருந்தால் இரண்டு இரவு. பொந்தா தெல்காதாவிலிருந்து கிளம்புபவர்கள் கடைசிக் காலையில் கிராசா சந்தைக்குப் போய் அன்னாசி வாங்கலாம். கண்ணாடிக்கூடத்தில் ஏறத்தாழ இரண்டு ஆண்டு வளர்ந்து, புகை போட்டுப் பூக்க வைத்த பழம் அது. சிறியது, நல்ல மணம். பயணத்துக்கு ஏற்றபடி அட்டைப்பெட்டியில் கட்டித் தருவார்கள். லிஸ்பனில் தங்கும் அந்த இரவிலேயே வெட்டிச் சாப்பிட்டுவிடுங்கள், பெட்டியில் எடையும் குறையும்.